அப்பா ஒரு பாட உபகரணம்

என் மகளுக்கு மூளை கண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள், அதற்கான பயிற்சியை என் முதுகில் தொடங்கினார்கள். முதல் சில அடிகள்வரை எனக்கும் அது நியாயமாகவே பட்டது. படித்தவர்கள் நிதானமாகப் பேசினால் தலையாட்டிவிடுகிற சுபாவம் எனக்கு.

நான் தையல்காரன். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்ட ஒரு மேசை. மனைவி ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஒரே மகள், ஒன்பது வயது. எதையும் வரைந்து பார்த்தால்தான் அவளுக்குப் புரியும். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு முக்காலி வரைவாள், எட்டாம் வாய்ப்பாட்டுக்குச் சிலந்தி. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஏழு சிலந்தி போடுவாள். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால். பிறகு பென்சில் முனையால் ஒவ்வொரு காலாகத் தொட்டு எண்ணி ஐம்பத்தாறு என்பாள். விடை தப்பியதே இல்லை. நேரம்தான் ஆகும், ஏனென்றால் சிலந்திக்குக் கண்ணும் வைப்பாள்.

பழைய பள்ளிக்கூடத்து டீச்சருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சிலந்திகளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டு, இவளுக்கு மண்டையில் ஒன்றும் இல்லை, எல்லாம் கையில்தான் இருக்கிறது என்றார். நாங்கள் இரண்டு பேரும் கையை வைத்துத்தான் பிழைக்கிறோம் என்று என் மனைவி பதில் சொன்னாள். அவள் அதைச் சொன்ன தினுசில் அந்தப் பள்ளிக்கூடம் அன்றோடு எங்களுக்கு முடிந்துபோனது.

அப்போதுதான் இந்தப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்களோ அப்படியே கற்பிக்கிறார்களாம். மூன்று தளம். கீழ்த்தளம் பார்த்துக் கற்பவர்களுக்கு, முதல் மாடி கேட்டுக் கற்பவர்களுக்கு, இரண்டாம் மாடி செய்து கற்பவர்களுக்கு. முதல்வர் மெலிந்த மனிதர். டாக்டர் மாதிரி முழங்கால்வரை வெள்ளைக் கோட்டு, பூனை நடப்பது போன்ற குரல். எதிரே வரும் பிள்ளை ஒவ்வொன்றின் தலையையும் தடவாமல் போக மாட்டார். நாங்கள் காத்திருந்த அறையில் என் மகள் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது கீழ்த்தளத்துப் பிள்ளை என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பிற்பாடு பலமுறை விழுந்தேன், ஆனால் அது வேறு காரணத்துக்காக.

"எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க மேல கை வைக்கறதே கிடையாது. ஒரு விரல்கூட. அது காட்டுமிராண்டித்தனம்," என்றார்.

ரொம்பச் சந்தோஷம் என்றேன்.

"அதுவும் இந்த மாதிரிப் பிள்ளைங்களை அடிச்சு என்ன பிரயோஜனம், நீங்களே சொல்லுங்க. கண்ணால பார்த்தாத்தானே இதுக்கு மனசுல பதியும்? தன் முதுகைத் தானே பார்க்க முடியுமா? அதனால தப்புப் பண்ணா என்ன ஆகும்கறதை எதிர்ல வெச்சுக் காட்டிடுவோம். உங்களுக்கு வாரத்துல எந்தெந்த நாள் தோதுப்படும்?"

கடைக்குத் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் கூட்டம் குறைவு என்று சொன்னேன். பெற்றோர் ஒத்துழைப்பு என்றால் நாற்காலி தூக்கிப் போடுவது, சுவரில் காகிதம் ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது மகளின் கலர் பென்சில் பெட்டியை வாங்கி, வராந்தாவில் இருந்த கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அதன்மேல் 'படைப்பாற்றல்' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. இந்தப் பள்ளியில் பிள்ளை பார்க்க வேண்டியது பள்ளி காட்டுவதை. தான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஏது நேரம் என்று முதல்வர் விளக்கினார். பெட்டிக்கு அங்கே பாதுகாப்பு ஜாஸ்தி என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை போனேன். உபகரண அறையில் உட்காரச் சொன்னார்கள். பூகோள உருண்டைக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. அதில் எனக்கு முன்பே ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. என் மகள் எந்தப் பாடத்தில் வீக் என்று கேட்டார். கணக்கு மட்டும்தான் என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார். அவர் பையன் மூன்று பாடத்தில் வீக்காம். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, உடனே வலித்துப் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

வகுப்பில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டுமே. சுவரோரம் பல நிறத்தில் பிரம்புகள் சாய்த்து வைத்திருந்தார்கள். கூட்டலுக்கு மஞ்சள், கழித்தலுக்கு நீலம், பெருக்கலுக்குச் சிவப்பு. பிரம்பு பிடிப்பவருக்கு விளக்குநர் என்று பெயர். கதவு அகலத்துக்கு ஆள். முன்பு சிறைச்சாலையில் காவலராக இருந்தவர். அங்கே கைதிகளை அடிக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டதால் கல்வித் துறைக்கு வந்துவிட்டார். மனிதர் நல்லவர், என் மூக்குக் கண்ணாடியைத் தானே வாங்கிப் பத்திரமாக மேசையில் வைத்தார்.

டீச்சர் என் மகளைப் பார்த்து ஏழெட்டு என்றார். என் மகள் விரலால் மேசைமேல் முதல் சிலந்தியைப் போடத் தொடங்கினாள். நேரமாகிவிட்டது என்று டீச்சர் தலையசைத்தார்.

முதல் அடி முழங்காலின் பின்பக்கம் விழுந்தது. குப்புற விழுந்தேன். அதற்குத் தலைப்பு என்று பெயராம், எண்ணிக்கையில் சேராது. அதன்பிறகுதான் பாடம். இடது காலை முன்னால் வைத்து, மணிக்கட்டைச் சுழற்றி, விளக்குநர் என் முதுகில் ஏழு எட்டுகளையும் விளக்கினார். நடுவில் ஒரு பல் உடைந்து தரையில் உருண்டது. போதும் சார் என்றேன். உபகரணம் பேசக் கூடாது என்றார் முதல்வர், கொஞ்சமும் கோபப்படாமல். வரைபடம் பேசுகிறதா, பூகோள உருண்டை பேசுகிறதா என்று கேட்டார். உபகரணம் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் பாடத்தை முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் பிள்ளை மனதில் பாதிதான் பதியும் என்பது அங்கே சட்டம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. சட்டத்துக்காக இல்லை. என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினால் அவள் பயந்துவிடுவாள்.

வீட்டில் மனைவி காயத்தைத் துடைத்தாள். கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வர்ற கேஸ்ல லாரி மோதினவனுக்குக்கூட இப்படி இருக்காது. பிள்ளையை நாளைக்கே நிறுத்திடலாம்."

நிறுத்தினால் எங்கே சேர்ப்பது என்று கேட்டேன். நடுவில் நின்ற பிள்ளைக்குக் கற்க இயலாதவள் என்று எழுதித் தந்துவிடுவார்கள். அதோடு எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்க முடியாது. பழைய இடத்தில் அவள் படத்தைக் கிழித்தார்கள், இங்கே என்னைத்தானே கிழிக்கிறார்கள், நான் தைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கே அது பெரிய ஜோக்காகப் படவில்லை.

வியாழக்கிழமை மறுபார்வை. அன்று அடி கிடையாது. திங்கட்கிழமை விழுந்த தழும்புகளைக் குச்சியால் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வார்கள். தோள்பட்டைக்குக் கீழே ஏழாம் வாய்ப்பாடு, இடுப்பில் எட்டு. ஒருமுறை காயம் சீக்கிரம் ஆறிவிட்டது என்று டீச்சர் என்னைக் கடிந்துகொண்டார். வீட்டில் மருந்து போடுகிறீர்களா என்று கேட்டார். மனைவி நர்ஸ் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவர்கள் செய்கிற காரியமா இது என்று வருத்தப்பட்டார்.

கடையில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே மெஷின் மிதித்தேன். வலது கை வீங்கியதால் கோடு நேராக வராது. ஒரு மாப்பிள்ளைக்குத் தைத்த கால்சட்டையில் ஒரு கால் இன்னொன்றைவிட ஒரு சாண் நீளம். அவர் அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினார். பாடத்தைத் தவிர வேறு எங்கே திட்டு வாங்கினாலும் எனக்கு அந்த நாட்களில் ஓய்வு போலத்தான் இருந்தது. டிரைவர் நிலைமை இன்னும் மோசம். கழுத்தைத் திருப்ப முடியாமல் போனதால் அவர் பஸ் நேராகப் போகும் பாதைக்கு மாற்றப்பட்டது.

பள்ளிக்கு மட்டும் வெற்றிமேல் வெற்றி. என் மகள் இப்போது கேள்வி முடியும் முன்பே விடை சொன்னாள். சிலந்தி இல்லை, முக்காலி இல்லை. பயத்தில் சில நேரம் வாய் குழறும். குழறினால் எனக்குத் தலைப்பிலிருந்து தொடங்கும். எனக்கு ஒரு விலா எலும்பு முறிந்த அன்று, அவளுக்கு 'மிக நன்று' என்று கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். வீட்டில் வெள்ளைத் தாளும் என் மார்க்கிங் பென்சிலும் எடுத்துக் கொடுத்தேன். அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கமும் வெள்ளைதான். அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். விலா முறிந்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அடி வாங்குவது எதற்காகவோ அதுவே கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தைச் சுருக்கி, இமையை இறுக்கி. டீச்சர் திறக்கச் சொன்னார். திறக்கவில்லை. பிள்ளைமேல் கை வைக்கக் கூடாதே, அதனால் இமையைப் பிரித்துப் பிடிக்கவும் முடியாது. என்னை அடித்துக் காட்டலாம் என்றால் அவள் பார்க்கவில்லை. முதல்வர் வந்து வெகுநேரம் யோசித்தார்.

"நாமதான் தப்பா கணிச்சுட்டோம். இது கேட்டுக் கத்துக்கற பிள்ளை. மேல அனுப்புங்க," என்றார்.

முதல் மாடியில் பிரம்பு எல்லாம் ஒரே நிறம். அங்கே வேறு பிரச்சினை. நான் கத்துவதில்லை. கீழ்த்தளத்தில் வாயை மூடிப் பழகியவனுக்கு இங்கே சத்தம் வரவில்லை. சங்கீத டீச்சரிடம் அனுப்பினார்கள். தொண்டையிலிருந்து வரும் கத்தல் பிள்ளைக்குப் பதியாது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று என் வயிற்றில் கைமுட்டியை வைத்து அழுத்திச் சொல்லிக் கொடுத்தார். வார்த்தை வரக் கூடாது, சத்தம் மட்டும். அப்படியும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று புகார் வந்தது. வாய்க்கு முன்னால் மைக் வைத்தார்கள். அடுத்த அறையில் டிரைவர் அலறுவது ஸ்பீக்கரில் கேட்கும். எனக்கு முன்பே மேலே வந்துவிட்டார். அவர் குரலை எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

என் மகள் கொஞ்ச நாள் கேட்டாள். பிறகு ஒருநாள் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். கண்ணும் மூடியிருந்தது. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

முதல்வர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பார்க்கவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள் என்றால் பாக்கி ஒன்றுதானே. செய்து கற்கும் பிள்ளைகள் ரொம்ப அபூர்வமாம். பள்ளி தொடங்கியதிலிருந்து இரண்டாம் மாடிக்கு யாருமே போனதில்லை, பூட்டியே கிடக்கிறது என்றார். அடுத்த வாரம் கல்வித் துறையிலிருந்து மேலதிகாரி வருகிறார். அவர் முன்னாலேயே திறந்துவிடலாம். அங்கே பாடம் எப்படி என்று கேட்டேன்.

"ரொம்ப சிம்பிள். பிரம்பு பிள்ளை கையில இருக்கும். நீங்க எப்பவும் போலத்தான்," என்றார். பிறகு என் தோளைத் தடவிக்கொடுத்து, அந்த விழாவுக்கு எனக்கு ஒரு புதுக் கோட்டு தைத்துக் கொடுங்கள் என்றார்.

கோட்டு தைத்தேன். நல்ல கெட்டித் துணி. தூய வெள்ளை. கறை பட்டால் உயிர் போனாலும் விடாத துணி என்று கடைக்காரர் எச்சரித்துத்தான் கொடுத்தார். முதுகுப் பக்கம் மடிப்பே இல்லாமல் ஒரே வீச்சாக விட்டேன். வீங்கிய கையோடு தைத்தாலும் அந்தக் கோட்டில் ஒரு தையல்கூடக் கோணவில்லை. தொழில் கர்வம் ஒன்று இருக்கிறதே.

மனைவி விழா நாள் காலையில் மகளைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, உன் கையில் பிரம்பைக் கொடுத்தால் அப்பாவை மெதுவாக அடித்துவிடு, அப்பா ஒன்றும் நினைக்க மாட்டார் என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். ஆனாலும் அவள் அழுவது வெளியே கேட்டது.

இரண்டாம் மாடி அறையைக் கழுவி வைத்திருந்தார்கள். விழாவுக்காகப் பிரம்புகளுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அறை முழுக்க அந்த வாசனை. மேலதிகாரி அம்மா முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நான் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என் இடத்தில் நின்றேன். முதல்வர் புதுக் கோட்டில் பேசத் தொடங்கினார்.

"ஒவ்வொரு பிள்ளைக்குள்ளயும் ஒரு கலைஞன் இருக்கான். அவனை வெளியே கொண்டு வர்றதுதான் எங்க வேலை. அவன் வெளியே வர்ற வரைக்கும் நாங்க விட மாட்டோம். இந்தப் பிள்ளை இங்க வந்தப்ப எதைக் கேட்டாலும் பொம்மை வரையும். இப்ப பாருங்க, ஒரு கோடு போடாது. அவ்வளவு முன்னேற்றம். பெத்தவங்களும் எங்களுக்கு அவ்வளவு ஒத்துழைப்பு. இதோ நிக்கிறாரே, இவர் உடம்புல நாலு வாய்ப்பாடு இருக்கு."

மேலதிகாரி எழுதிக்கொண்டார். விளக்குநர் சிவப்புப் பிரம்பை எடுத்து, துணியால் பிடியைத் துடைத்து, என் மகள் கையில் கொடுத்தார். பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார். அவள் சரியாகவே பிடித்திருந்தாள்.

"ஏழெட்டு எவ்வளவு? செஞ்சு காட்டும்மா," என்றார் முதல்வர், அவளுக்கு முதுகைக் காட்டியபடி, மேலதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அடிம்மா, பரவால்ல என்று தலையசைத்தேன். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போய் அந்த வெள்ளைக் கோட்டின் முதுகில் நின்றது. முன்பெல்லாம் புதுத் தாளைப் பார்த்தால் இப்படித்தான் பார்ப்பாள்.

இடது காலை முன்னால் வைத்தாள். தலைப்பு முழங்காலின் பின்பக்கம் விழுந்தது. முதல்வர் குப்புற விழுந்தார். முன்பல் இரண்டு தரையில் ஓடின. அதன்பிறகு பாடம். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. வலது தோளில் ஒரு சிலந்தி எழுந்தது, ஈரச் சிவப்பில். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

ஒன்பது வயதுக் கைக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. மாதக் கணக்கில் பார்த்திருக்கிறாளே, எங்கே சுழற்றினால் எவ்வளவு வலிக்கும் என்று என் உடம்பைப் பார்த்துத்தானே படித்தாள். மூன்றாவது சிலந்தியில் துணி கிழிந்தது. நிறுத்துங்க, யாராவது நிறுத்துங்க என்று முதல்வர் அலறினார். விளக்குநர் அசையவில்லை.

"உபகரணம் பேசினா காதுல வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க," என்றார் பணிவாக. பிறகு என் பக்கம் சாய்ந்து, மணிக்கட்டைப் பாருங்கள், இருபது வருஷ சர்வீஸில் எனக்கே இப்படி வராது என்றார்.

பாதியில் நிறுத்தினால் பாதிதான் பதியும் என்பது மேலதிகாரிக்கும் தெரிந்திருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது சிலந்தியில் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்தச் சந்தோஷம் இல்லை. முறிகிற சத்தம் எனக்குத் தெரியும், என்னுடையதும் அதே மாதிரித்தான் கேட்டது.

கடைசிச் சிலந்தி இடுப்பில். அது முடிந்ததும் அவள் பிரம்பை இறக்கினாள். முதல்வர் கையை ஊன்றி எழப் பார்த்தார். அவள் குனிந்து பிரம்பு முனையால் ஒவ்வொரு காலாகத் தொட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. நாலாவது சிலந்திக்கு ஏழு கால்தான் இருந்தது. திரும்பி வந்து காலை முன்னால் வைத்து விட்டுப்போன எட்டாவது காலையும் போட்டாள்.

"ஐம்பத்தாறு," என்றாள்.

மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். இவ்வளவு ஆழமாகப் பதிந்து தான் எங்குமே பார்த்ததில்லை என்றார். பார்த்ததை அப்படியே செய்திருக்கிறாள், எண்ணிக்கையும் சரி, கூடவே ஓவியமும் இருக்கிறது. முதல்வரிடம் குனிந்து வாழ்த்துச் சொன்னார். பல் இல்லாத வாயால், எல்லாம் எங்கள் முறையின் வெற்றி என்று முதல்வர் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா பெருமையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இனிமேல் பெற்றோரைச் சிரமப்படுத்த வேண்டாம், சம்பளத்துக்கு இருக்கும் முதல்வர்களையே உபகரணமாக வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாப் பள்ளிக்கும் எழுதப் போவதாக மேலதிகாரி சொன்னபோதுதான் முதல்வர் மயங்கினார்.

கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தைத்தவன் என்ற முறையில் நான்தான் தையலைப் பிரித்துக் கழற்றிக் கொடுத்தேன். அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். உள்ளே இடம் இல்லாததால் கலர் பென்சில் பெட்டியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார்கள். என் மகள் யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு மூன்று தளமும் முடித்த பிள்ளையாக வெளியே நடந்தாள். அவள் உள்ளங்கையில் சிவப்பு ஒட்டியிருந்தது. வாசலில் டிரைவர், பாடம் எப்படி நடந்தது என்று கேட்டார். கழுத்து திரும்பாததால் முழு உடம்பையும் திருப்பிக் கேட்டார். நல்லாப் பதிஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கடையில் மாப்பிள்ளையின் கால்சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன். மனைவி வேலைக்குப் போகவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வெட்டு மேசையில் சாய்ந்து நின்றாள். மகள் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து வைத்து, துணி வெட்டும் பேப்பரில் வரைந்துகொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பேப்பரில் பென்சில் ஓடும் சத்தம். என்ன வரைகிறாள் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, தப்பு. அந்தக் கால் இன்னும் நீளமாத்தான் இருக்கு."

மெஷின் நின்றது. என் விரல்கள் தாமாகவே மேல் பொத்தானைக் கழற்றின. அடுத்ததையும் கழற்றின. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். ஸ்டூலை விட்டு எழுந்து அவளுக்கு முதுகைத் திருப்பி நின்றேன். சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில்தான் நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று எனக்கே தெரிந்தது.

"சட்டை எதுக்குப்பா கழட்டற?"

வெக்கையா இருக்கும்மா என்றேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். சுற்றி வந்து என் முன்னால் நின்று, கழற்றிய பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானைப் போடும்வரை நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.